வாங்கி வரப் போன பையன்

பல வீடுகளுக்குள் மதுவைத் தூக்கி வந்தது பையன்தான். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தபடியே அப்பாவோ பெரியப்பாவோ காசை நீட்டி, "டேய், ஓடிப்போய் வாங்கிட்டு வாடா" என்று அனுப்பிய பையன். ஒரு காலத்தில் அவன் கையில் சொம்பு இருந்தது. அப்புறம் கண்ணாடி பாட்டில் வந்தது, அப்புறம் கறுப்பு பாலிதீன் பை வந்தது. மீதிச் சில்லறையில் மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம் என்பதால் அவனும் முகம் சுளித்ததில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து இலுப்பூர் போன்ற ஒரு வறண்ட பூமியின் மது வரலாற்றை ராஜாக்கள், முதலமைச்சர்கள், அரசாணைகள் வழியாக எழுதலாம். அப்படித்தான் எழுதியும் வருகிறார்கள். அந்தப் பையன் பின்னால் நடந்து போனால் தெரிகிற வரலாறு வேறு. அதில் கடையைத் திறந்ததும் மூடியதும் கோட்டையில் இருந்தவர்கள்; ஆனால் பையனைக் கடை வாசல்வரை அனுப்பியது வீடு.

புதுக்கோட்டை தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்தபோது அதில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்றே தாலுகாக்கள். இலுப்பூர் குளத்தூர் தாலுகாவில் இருந்தது. கள்ளுக்கும் சாராயத்துக்கும் அன்று பெயர் ஆப்காரி வரவு. கடையை ஏலத்தில் எடுத்தவர் சர்க்காருக்குப் பணம் கட்டிவிட்டுத் தன் பாட்டுக்கு வியாபாரம் செய்துகொள்வார். சமஸ்தானத்தைச் சுற்றிலும் இருந்த வெள்ளைக்கார ஜில்லாக்களிலும் இதே முறைதான். கூடுதலாக விற்றால் அடுத்த ஏலத்தில் கூடுதலாகக் கேட்பார்கள், கஜானாவுக்கு லாபம். வாங்க வருகிறவனுக்கு வயது என்ன என்று கேட்க அந்த ஏற்பாட்டில் யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

ஆனால் வீட்டுக்குள் ஓர் எல்லைக்கோடு இருந்தது, அதைப் போட்டது சுண்ணாம்பு. பனை மரத்தில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். காலையில் குழந்தைக்கும் ஒரு பட்டை கிடைக்கும். தடவாமல் விட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும், அது பெரியவர்களுக்கு. ஒரே மரம், ஒரே பாளை. குழந்தைக்கு உரியது எது என்பதை மரமேறியின் விரல் தீர்மானித்தது. திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆவது அதிகாரம். அதில் ஒரு குறள், பெற்ற தாயின் முகத்துக்கு எதிரிலேயே சகிக்க முடியாத காட்சி அது, சான்றோர் முன்னால் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. குடிக்கிறவனை அளக்க இந்தக் குறளில் வள்ளுவர் முதலில் கூப்பிட்டது தாயைத்தான், ராஜாவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தையைக் கடைக்கு அனுப்புவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் தொழிலாளிக் குடும்பங்களின் பிள்ளைகள் குவளையோடு பீர்க் கடைக்குப் போவது அன்றாடக் காட்சியாக இருந்தது. வழியில் ஒரு வாய் குடித்துப் பார்க்காத பிள்ளை உண்டா? 1901-இல் அங்கே சட்டம் வந்தது: 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் மூடி முத்திரையிட்ட பாத்திரத்தில் அல்லாமல் மது கொடுக்கக்கூடாது. 1908-இல் இன்னொரு சட்டம், 5 வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு மது கொடுப்பதைக் குற்றமாக்கியது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்பதே அந்த ஊர் வீடுகளின் நிலையைச் சொல்லிவிடும்.

இங்கே சட்டம் வருவதற்கு முன் மறியல் வந்தது. 1921-இல் ஈரோட்டில் நடந்த கள்ளுக்கடை மறியலில் பெரியாரோடு அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் இறங்கினார்கள். 1929-இல் ராஜாஜி திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். அதில் உதவியாக இருந்து எழுதியவர் கல்கி. எட்டு ஆண்டுகள் கழித்து ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலானது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். கள்ளை நிறுத்துவதற்காகப் பிறந்த வரி. மது பின்னால் திரும்பி வந்தபோது அந்த வரி விடைபெற்றுப் போய்விடவில்லை என்பது தனிக் கதை.

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, திருச்சி ஜில்லாவின் ஒரு பகுதியானது. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, ஓமந்தூரார் ஆட்சியில், மதுவிலக்கு சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. ராஜா போன கையோடு கடையும் போனது என்று ஊர்ப் பெரியவர்கள் நினைவு வைத்துக்கொள்ள வசதியான ஆண்டு.

அடுத்த இருபத்துமூன்று ஆண்டுகள், சட்டப்படி, தமிழ்நாடு வறண்ட மாநிலம். அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. பாதி உண்மை. ஏலக்கடை இல்லாததால் தினமும் கண்ணில் படுகிற சபலம் இல்லை. குடித்தவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவும் முடியவில்லை. மீதிப் பாதி காட்டுக்குள் இருந்தது. வேலம்பட்டை, வெல்லம், கடுக்காய் போட்டு மண்பானையில் ஊறல் வைத்துக் காய்ச்சுகிற தொழில், கருவேலங்காடும் வறண்ட கண்மாயும் இருந்த எல்லா மாவட்டங்களிலும் நடந்தது. சரக்கு சைக்கிள் டியூபில் நிரம்பி ஊருக்குள் வந்தது. அந்தத் தொழிலிலும் பையனுக்கு ஒரு வேலை இருந்தது: போலீஸ் ஜீப் வருகிறதா என்று மேட்டில் நின்று பார்ப்பது. ஆடு மேய்க்கிற பையன்மேல் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

1971-க்குப் பிறகு நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னால் தலை சுற்றும், குடிக்காமலே. 1971 ஆகஸ்ட் 30 அன்று கலைஞர் அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது. 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974 ஆகஸ்டில் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. புதுக்கோட்டை தனி மாவட்டமானதும் அதே 1974-இல், ஜனவரி 14 அன்று. 1981 மே மாதம் எம்.ஜி.ஆர். கடைகளைத் திரும்பத் திறந்தார். 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது, அப்போது அது மொத்த வியாபாரி மட்டுமே. 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் மறுபடி கிடையாது. 1990-இல் மலிவு விலை மது வந்தது. 1991 ஜூலையில் ஜெயலலிதா அதை நிறுத்தினார். ஒயின் ஷாப்புகள் இந்த இழுபறிக்கு நடுவில் தனியார் கையில் வளர்ந்துகொண்டிருந்தன. 2003 நவம்பர் 29 அன்று சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது.

இதை ஒரு குடும்பத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். 1955-இல் பிறந்த தாத்தா, பள்ளிக்கூட வயது முழுக்கச் சட்டப்படி கடையே இல்லாத ஊரில் வளர்ந்து, மீசை அரும்பும் 16 வயதில் திடீரென்று திறந்த சாராயக்கடையைப் பார்த்தார். 1978-இல் பிறந்த அப்பா, மூன்று வயதில் திறந்ததையும் எட்டு வயதில் மூடியதையும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மறுபடி திறந்து மூடியதையும் பார்த்தவர். 2008-இல் பிறந்த மகனுக்கு அரசாங்கக் கடை இல்லாத உலகமே தெரியாது; ரேஷன் கடை, தபாலாபீஸ் மாதிரி அதுவும் ஊரில் ஒரு கடை. மூன்று பேருக்கும் 'குடி' என்றால் மனத்தில் எழும் படம் வேறு வேறு. தாத்தாவுக்கு அது ஒளிந்து செய்கிற காரியம், அப்பாவுக்கு அவ்வப்போது கிடைக்கிற பண்டம், மகனுக்கு மதியம் 12 மணிக்குக் கதவு திறக்கிற வியாபாரம். பெற்றோர் தங்கள் இளமைக் காலத்தை வைத்துப் பிள்ளைக்குப் புத்தி சொல்லும்போது அது ஒட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்கிறது 2003-இன் சில்லறை விற்பனை விதி. கடைச் சுவரிலும் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கடையின் அமைப்பைக் கொஞ்சம் பாருங்கள். முன்பக்கம் முழுக்க இரும்புக் கம்பி வலை. நடுவில் ஒரு சின்ன ஓட்டை: ஒரு கை நுழையும், ஒரு பாட்டில் வெளியே வரும், அவ்வளவுதான். கூட்ட நேரத்தில் உள்ளே இருக்கும் விற்பனையாளர் பார்ப்பது ரூபாய் நோட்டைப் பிடித்த விரல்களை. விரலுக்கு வயது தெரியாது. அதோடு எந்த எல்லையைத் தாண்டினாலும் கணக்கு மாறுகிறது: கேரளத்தில் 23, புதுச்சேரியில் 18. காரைக்காலுக்குச் சுற்றுலா போன கல்லூரிப் பையன் சட்டத்தை மீறாமலே குடித்துவிட்டு, மீறக்கூடாத ஊருக்குத் திரும்பி வரலாம்.

பணக் கணக்கும் சொல்ல வேண்டும். 2003-04-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்தது சுமார் 3,640 கோடி ரூபாய். 2023-24-இல் 45,855 கோடி. 2016-இல் ஜெயலலிதா 500 கடைகளை மூடிக் காலை 10 மணி திறப்பைப் பகல் 12 மணிக்கு மாற்றினார். 2017-இல் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூனில் ஸ்டாலின் ஆட்சியில் இன்னொரு 500. கடைகள் குறைந்தன, வரவு ஏறியது. பகல் 12 முதல் இரவு 10 வரை என்னும் நேரக் கணக்கில், பள்ளிக்கூடம் விடும் மணியும் பிள்ளைகள் டியூஷன் போய்த் திரும்பும் பொழுதும் முழுசாக அடங்கிவிடுகின்றன.

அரசு திறப்பதும் மூடுவதுமாக இருந்த நாட்களில், புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் வேறு ஒன்றைத் தொடங்கினார்கள். 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பரவியது. அரிக்கேன் விளக்கடியில் எழுத்துக் கற்றவர்கள் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். ஓட்டப் பழகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கல் உடைக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளையே குத்தகைக்கு எடுத்தார்கள். கூலி நேராகப் பெண் கைக்கு வருவது என்பது, குடிக்குப் போகும் காசு வழியிலேயே நின்றுபோவது. சைக்கிள் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். மாலையில் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஓர் இடம் கிடைத்தது என்பதைத்தான் பெரிய விஷயமாகச் சொல்ல வேண்டும். எழுத்து வகுப்பு குடிக்கு எதிராகத் திரும்பியதற்கு ஆந்திரத்தில் பெயர் பெற்ற சாட்சி உண்டு. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் 1992-இல், சாராயத்தை எதிர்த்த ஒரு பெண்ணின் கதையை அறிவொளிப் பாடப் புத்தகத்தில் படித்த பெண்கள், தங்கள் ஊர்க் கடையையே மூட வைத்தார்கள். 1993 அக்டோபரில் ஆந்திர மாநிலம் முழுக்கச் சாராயம் நின்றது.

தமிழ்நாட்டில் அதுபோன்ற கோபம் 2017-இல் திரும்ப வந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல, மூவாயிரத்துக்கும் மேல் கடைகள் இடம் பெயர வேண்டியிருந்தது. பெயர்ந்து வந்தது குடியிருப்புத் தெருக்களுக்கு. திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் மறியல் செய்த பெண்ணைப் போலீஸ் அதிகாரி அறைந்த காட்சி நாடு முழுக்கப் பரவியது. பல கிராமசபைகள் கடை வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. இதில் ஒரு வேடிக்கை: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி எனக் கிராமசபை கூடும் நாட்கள் பலவற்றில் டாஸ்மாக்குக்கு விடுமுறை. கடையைப் பற்றி ஊர் பேசுகிற நாளில் கடை பூட்டியிருக்கும். முதல்நாள் மாலையே வீட்டில் இரண்டு பாட்டில் வந்து இறங்கியிருக்கும். அதை வாங்கி வந்தது யார் என்பதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

கடையை மட்டும் குறை சொன்னால் கதை முடியாது. இந்தப் பக்கத்தில் குலதெய்வம் கருப்பர் என்றால் படையலில் சுருட்டோடு சாராயமும் இருக்கும். சாமிக்கு வைத்ததைச் சாமி கும்பிட்டவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். கெடா வெட்டு, காதுகுத்து, பொங்கல் சமயத்துக் கொண்டாட்டம், சாவு வீட்டில் பறைக்கு முன்னால் ஆட்டம்: பதினைந்து வயதுப் பையன் முதல் கிளாஸைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடங்களில்தான், முன்பின் தெரியாதவன் கையிலிருந்து அல்ல. மாமனோ சித்தப்பாவோ பங்காளியோ, "இப்ப ஒண்ணும் ஆகாது, ஆம்பளப் பையன்தானே" என்று நீட்டுகிற பிளாஸ்டிக் டம்ளர். சளிக்கு இரண்டு சொட்டு பிராந்தி கொடுத்த பாட்டியும் இந்த வரிசையில் உண்டு. 2015 ஜூலையில் திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு வயதுச் சிறுவனுக்கு உறவினர் உட்படப் பெரியவர்கள் சிலர் சிரித்துக்கொண்டே மது கொடுக்கும் காணொளி வெளியாகி, கைதும் நடந்தது. ஊரே பதறியது. பதறியவர்களில் எத்தனை பேர் தங்கள் வீட்டு விசேஷத்தில் அதையே கொஞ்சம் பெரிய பையனுக்குச் செய்திருப்பார்கள் என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை.

அதே 2015-இல் வந்த இளஞ்சிறார் நீதிச் சட்டம் இதற்குத் தண்டனை எழுதியிருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் மது கொடுத்தால் 77ஆவது பிரிவு: ஏழு ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். குழந்தையை மது விற்கவோ சுமக்கவோ பயன்படுத்தினால் 78ஆவது பிரிவு, அதே தண்டனை. திண்ணையில் உட்கார்ந்து காசு நீட்டுகிற அப்பாவுக்கு இது தெரிந்தால் கொஞ்சம் யோசிப்பார். எந்த வீட்டுத் திண்ணைக்கும் போலீஸ் வந்து இந்தப் பிரிவைப் படித்துக் காட்டப் போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

இந்தியா முழுக்க எடுத்த கணக்கில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் மது அருந்துகிறவர்கள் 1.3 சதவீதம் என்று எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் 2019-இல் வெளியிட்டது. சதவீதம் சின்னதாகத் தெரியும். இந்தியப் பிள்ளைகளின் தொகையோடு பெருக்கினால் லட்சங்களில் வரும். "வெளியில் போய்க் கெட்டுப்போவதைவிட வீட்டிலேயே கண்முன்னால் ஒரு வாய் பழகட்டும்" என்று நினைக்கிற நாகரிகப் பெற்றோரும் இப்போது உண்டு. ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1,927 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் முடிவு சொன்னார்கள்: பெற்றோர் கையால் மது வாங்கிய பிள்ளைகளுக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை, அவர்கள் அடுத்த ஆண்டில் வெளியிலும் மது தேடிக்கொள்ளும் வாய்ப்புத்தான் கூடியது.

ஐஸ்லாந்தின் கதை நேர் எதிர்ப்பக்கம். 1998-இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-இல் அது 5 சதவீதம். சட்டம் ஒரு பங்கு செய்தது; பெரும்பங்கு பெற்றோர் செய்தது. பள்ளிக்கூடம் வாரியாகக் கூடி, 'என் பிள்ளைக்கு மது வாங்கித் தரமாட்டேன், இரவு இத்தனை மணிக்குள் வீட்டில் இருக்கச் செய்வேன்' என்று ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவுகளில் தாங்களே தெருவில் ரோந்து சுற்றினார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு, இசை என்று மாலை நேரத்தை நகராட்சி பணம் கொடுத்து நிரப்பியது. "எல்லா வீட்லயும் விடுறாங்க, நீங்கதான் விடமாட்டேங்கிறீங்க" என்ற பிள்ளையின் வாதம், எல்லா வீடும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதும் செல்லாக்காசு ஆகிவிட்டது.

இலுப்பூரில் இதற்குப் புதிதாகச் சங்கம் தொடங்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர் பற்றிப் பேசுகிற அதே கூட்டத்தில் இதையும் எடுக்கலாம். முதல் தீர்மானம் மிகச் சின்னதாக இருக்கட்டும்: எந்த வீட்டுப் பிள்ளையையும் கடைக்கு அனுப்புவதில்லை, பிறர் வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து. இரண்டாவது, கெடா வெட்டுக்குப் பத்திரிகை வைக்கிறவரே பங்காளிகளிடம் சொல்லிவிடுவது: சின்னப் பையன்கள் பக்கம் டம்ளர் போகக்கூடாது. தாய்மார் சொன்னால் இது நடக்கும். அப்பா குடிக்கிறவராக இருந்தால் பிள்ளைக்கு அறிவுரை சொல்ல அவருக்கு வாய் வராது என்பார்கள். ஆனால் "நான் விழுந்த குழியில் நீ விழாதே" என்று ஒரே ஒரு தடவை, போதையில்லாத காலை நேரத்தில், கண்ணைப் பார்த்துச் சொன்னாலே பிள்ளை கேட்கும். சொல்லிவிட்டு அவரே சிகிச்சைக்குப் போனால் இன்னும் நல்லது. குடிநோய் ஒரு நோய் என்பதைத் தமிழ்நாட்டில் ஊன்றிச் சொன்னவர் சாந்தி ரங்கநாதன். கணவரைக் குடிக்கு இழந்த அவர் 1980-இல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே ஆரம்பம் முதலே நோயாளியோடு குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு நாள் இரவு பையன் தள்ளாடிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். விளக்குமாற்றைத் தேடுகிற நேரம் அல்ல அது. மல்லாந்து படுக்கவிட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் விழித்திருக்க வேண்டும். எழுப்பினாலும் கண் திறக்காவிட்டால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், உடம்பு சில்லிட்டால் 108. மோர், எலுமிச்சை, தலையில் தண்ணீர் என்ற கைவைத்தியங்களால் ரத்தத்தில் ஏறிய போதை இறங்காது. விசாரணை மறுநாள், அதுவும் மாமன் மச்சானைக் கூட்டாமல், ஒருவரே. யார் கொடுத்தது, எங்கே, எத்தனையாவது தடவை என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவதற்கு வரும் பதிலைப் பொறுத்து டாக்டர். போதை மீட்புக்கு நாடு முழுதுக்குமான இலவச எண் 14446. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி 2017-இலிருந்து இயங்குகிறது. மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். பஸ்ஸில் யாராவது பார்த்து எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டால், பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம்.